முளைத்ததெல்லாம் மருந்தாகுமா? வீட்டுக் கஞ்சா பற்றிய பிழை எண்ணங்கள்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் எழுந்து நிற்கும் கேமரன் மலையை மலேசியத் தமிழர் தேயிலையாலேயே அறிவர். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதினார். 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய ‘போ’ நிறுவனம் இங்குத் தேயிலையைப் பெரும்பயிராக்கியது. காட்டைத் திருத்தி நிரை பிடித்துக் கன்று நட்ட கைகளில் தமிழ்த் தொழிலாளர் கைகள் பல. ரிங்லெட், ஹபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், சுங்கை பாலாஸ் என்று ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே கொழுந்தின் நினைவும் உடன் வரும்.

தோட்டத்துக் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்கள் கொல்லையில் கற்பூரவல்லியும் துளசியும் தூதுவளையும் வளர்த்தவர்கள். சளிக்கு ஒரு தழை, செரியாமைக்கு ஒரு வேர் என்று கைமருத்துவம் பார்த்தவர்கள். அந்த வழக்கத்தில் ஊறிய உள்ளத்துக்குக் கஞ்சாவும் இன்னொரு பச்சிலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. “சித்தர்கள் சொன்னதுதானே”, “அண்டை நாட்டில் வீட்டிலேயே வளர்க்கிறார்களே”, “கடையில் வாங்கினால்தான் கலப்படம், நாமே வளர்த்தால் தூயது” என்னும் பேச்சுகள் இளைஞரிடையே இன்று எளிதாகப் புழங்குகின்றன. இவற்றுள் சில அரைகுறை உண்மைகள், சில முழுப் பொய்கள். செடியியலும் வேதியியலும் மருத்துவமும் இவற்றைப் பற்றி என்ன கூறுகின்றன என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மலேசியச் சட்டம் இச்செடியை வீட்டில் வளர்ப்பதை முற்றாகத் தடுத்துள்ளது. அது குறித்துப் பின்னர்க் காண்போம்.

ஆராய்ச்சிக்கு அளவுகோலாகத் தேயிலையையே எடுத்துக்கொள்ளலாம். 1753இல் சுவீடிய அறிஞர் லின்னேயசு வெளியிட்ட ஒரே நூலில்தான் தேயிலைக்கும் கஞ்சாவுக்கும் இன்று நாம் வழங்கும் முறையிலான அறிவியற் பெயர்கள் அமைந்தன. இரண்டும் ஆசிய நிலத்தில் மாந்தரால் நெடுங்காலமாகப் பேணப்பட்டவை. இரண்டும் நரம்பு மண்டலத்தைத் தொடும் வேதிப்பொருள்களைத் தம் உடலில் ஆக்குபவை. தேயிலை காபீனை ஆக்குகிறது. கஞ்சா ஆக்கும் பொருள்களில் தலையாயது டெட்ராஹைட்ரோகன்னபினால். சுருக்கமாக அதனை டி.எச்.சி. என்பர். செடியை வளர்ப்பதற்கும் அதிலுள்ள பொருளை அளந்து அறிவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதைத் தேயிலைத் தோட்டம் நமக்கு நன்கு காட்டும்.

விதையும் பெயரும்

“நல்ல விதை கிடைத்துவிட்டால் செடி எப்படியிருக்கும் என்பது தெரிந்துவிடும்” என்பது முதற்பிழை.

தேயிலை, தன் பூந்தாதால் தானே கருவுறுவதை மறுக்கும் இயல்புடையது. ஒரு செடியின் பூவில் வேறொரு செடியின் தாது வந்து சேர்ந்தால்தான் பெரும்பாலும் விதை பிடிக்கும். அதனால் ஒரே செடியின் விதைகளை நட்டாலும், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல, ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு குணத்தோடு வளரும். ஒன்றில் கொழுந்து தடிக்கும், ஒன்றில் சிறுக்கும், ஒன்று நோய்க்கு இரையாகும், ஒன்று தாங்கி நிற்கும். பழைய தோட்டங்களில் ஒரே நிரையில் இலை நிறம் மாறி மாறித் தெரிவது இதனால்தான். இந்த வேற்றுமையைக் களையவே, தேர்ந்த தாய்ச் செடியிலிருந்து ஓரிலையோடு கூடிய தண்டுத் துண்டுகளை வெட்டி நாற்றங்காலில் வேர்விடச் செய்யும் முறை வந்தது. விளைச்சலில் ஒருமை வேண்டுமென்றால் விதையை நம்பக்கூடாது என்பது தேயிலைத் தொழில் தலைமுறைகளாகக் கற்ற பாடம்.

கஞ்சாவில் இந்த வேற்றுமை இன்னும் கூர்மையானது. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் தாதைக் காற்று வெகுதொலைவு சுமந்து செல்லும். ஒவ்வொரு விதையும் இரு வேறு செடிகளின் மரபுக் கலப்பாகப் பிறக்கிறது. மயக்கம் தரும் டி.எச்.சி.யும், மயக்கம் தராத கன்னபிடியாலும் ஒரே மூலப்பொருளிலிருந்து செடிக்குள் உருவாகின்றன. அந்த மூலப்பொருளை எந்தத் திசையில் திருப்புவது என்பதைச் செடியின் மரபணுவில் ஒரு சிறு பகுதி முடிவு செய்வதாக 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரு வகையும் கலந்த பெற்றோரின் விதைகளில் சில முதலாவதை மிகுதியாக ஆக்கும், சில இரண்டாவதை, சில இரண்டையும். முளைவிட்டு இலை விரிக்கும் நாளில் இவற்றை வேறுபடுத்திக் காட்டும் புற அடையாளம் எதுவும் இல்லை. கண்ணுக்கு ஒன்றேபோல் தோன்றும் இரு செடிகளில் ஒன்று கயிறு திரிக்கும் நார்ச்செடியாகவும் மற்றது தலைசுற்ற வைக்கும் செடியாகவும் இருக்கலாம்.

விதை விற்போர் சூட்டும் பெயர்களும் துணைநிற்பதில்லை. ‘இண்டிகா’ அமைதி தரும், ‘சட்டிவா’ ஊக்கம் தரும் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. இந்தியாவிலிருந்து வந்த செடிகளைக் கண்டு 1785இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க்கு ‘இண்டிகா’ என்று தனிப்பெயர் இட்டது உண்மைதான். ஆனால் 2015இல் கனடிய ஆய்வாளர்கள் கஞ்சா, அதன் நார் வகையான நார்ச்சணல் ஆகியவற்றின் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் மரபுச் செய்தியை ஒப்பிட்டபோது, விற்பனைப் பெயருக்கும் உண்மையான மரபு உறவுக்கும் பொருத்தம் குறைவாகவே இருந்தது. ஒரே பெயரில் விற்கப்பட்டவை தொலைவான உறவினராகவும், எதிர்ப்பெயர் தாங்கியவை நெருங்கிய உறவினராகவும் காணப்பட்டன. பொட்டலத்தின் மேலுள்ள பெயர் உள்ளிருக்கும் விதைக்குச் சான்றாகாது.

மலையும் வெயிலும்

“மலைநாட்டுக் கஞ்சாவுக்கு வீரியம் மிகுதி. கேமரன் மலையின் குளிரும் வெயிலும் அதற்கு ஏற்றவை” என்பது அடுத்த நம்பிக்கை. இதில் மூன்று செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது பகல் நீளம். செடிகள் பகல்-இரவின் நீளத்தை உணர்ந்தே பூக்கின்றன என்னும் பேருண்மையை அறிவியல் கண்டறிவதற்குத் தொடக்கமாக நின்ற செடிகளில் கஞ்சாவும் ஒன்று. பிரெஞ்சு அறிஞர் சூலியன் தூர்னுவா, 1912 அளவில் இதையும் இதன் உறவான ஹாப்புச் செடியையும் வளர்த்துப் பார்த்து, பகல் குறுகும்போது இவை விரைந்து பூப்பதைக் கண்டார். பின்னர் 1920இல் அமெரிக்கரான கார்னரும் அல்லார்டும் பல செடிகளில் இதை நிறுவி, ஒளிக்கால உணர்வு என்னும் துறையையே தோற்றுவித்தனர். இலண்டனில் நெடிய கோடைப்பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலப் பகல் 8 மணி நேரமாகச் சுருங்கும். கேமரன் மலையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கரைப் பாகையில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு அரை மணி நேரமே. வடநாட்டுக் கோடைக்குப் பழகிய மரபு இங்கு வந்தால் தன் ஊரில் நடந்துகொண்டபடி நடந்துகொள்ளாது. எங்கோ ஒரு நாட்டில் எடுத்த படத்தைக் கண்டு இங்கு அதே செடியை எதிர்பார்ப்பது செடியியலுக்கு முரணானது.

இரண்டாவது வெயில். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக்கதிரின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்பது மெய். அக்கதிர் டி.எச்.சி.யைப் பெருக்கும் என்று 1987இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியதும் மெய். மலைக்கஞ்சாவின் புகழுக்கு அந்த ஆய்வையே பலரும் சான்று காட்டுவர். ஆனால் இக்கால வகைகளைக் கொண்டு கனடாவின் குவெல்பு பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய பெருக்கம் தென்படவில்லை. மாறாக, கதிர் மிகுந்தபோது செடியின் வளர்ச்சியும் விளைச்சலும் குன்றின. மேலும், கேமரன் மலையின் பிற்பகல்கள் பெரும்பாலும் முகிலுக்கும் மழைக்கும் உரியவை. உயரத்தை மட்டும் கணக்கிட்டு வெயிலை மதிப்பிட முடியாது.

மூன்றாவது மண்ணும் ஈரமும். இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை மண்ணின் சுண்ணத்தை அரித்துச் சென்றுவிடுவதால் காடித்தன்மை மிகுகிறது. தேயிலை அத்தகைய மண்ணை விரும்பும் அரிய பயிர்களுள் ஒன்று. அமில-கார அளவுகோலில் நான்கரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட மண் அதற்கு இன்பமாக இருக்கும். அம்மண்ணில் கரைந்து வரும் அலுமினியத்தைப் பிற பயிர்கள் நஞ்சாக உணர, தேயிலையோ அதை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. கஞ்சாவுக்கு அந்தத் திறன் இல்லை. தேயிலை தழைக்கும் சரிவில் எதை நட்டாலும் தழைக்கும் என்று எண்ணுவோர் அந்தச் சரிவின் இயல்பையே அறியாதவர்.

இலையும் மணமும்

ஏழு விரல்களாய் விரிந்த இலைதான் கஞ்சாவின் அடையாளமாக உலகெங்கும் வரையப்படுகிறது. அதனால் மயக்கப்பொருள் இலையில் தேங்கியிருப்பதாகப் பலர் நினைக்கின்றனர்.

ஒரு கைக்கண்ணாடியைத் தேயிலைக் கொழுந்தின் மேல் பிடித்துப் பாருங்கள். விரியாத மொட்டின் மேல் வெள்ளிப்பட்டுப்போல் நெருங்கிய நுண்மயிர் தெரியும். அவை இளங்கொழுந்தைக் காக்கும் வெறும் மயிர்கள், எதையும் சுரப்பதில்லை. காபீன் இலையின் உள்ளே, கண்ணறைகளுக்குள் இருக்கிறது. கஞ்சாச் செடியின் மயிர்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. பெண் பூக்கொத்தைச் சூழ்ந்த சிற்றிலைகளின் மேல், மெல்லிய காம்பில் உருண்டைத் தலை ஏந்தி நெருக்கமாக நிற்கின்றன. அத்தலை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்குள்தான் மயக்கப்பொருளுக்கு மூலமான பிசின் ஊறுகிறது. அகன்ற இலைகளிலும் ஆண் செடியிலும் இச்சுரப்பிகள் குறைவு. ஆயினும் அறவே இல்லாமலில்லை. இந்தியச் சட்டம் பூக்கொத்தோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்னும் வரையறைக்கு வெளியே வைத்திருப்பதால், மலேசியாவிலும் இலைக்கு விலக்கு உண்டென்று சிலர் கருதுகின்றனர். மலேசியச் சட்டம் செடியின் உறுப்பைப் பார்ப்பதில்லை. பிசின் இருப்பது கண்டறியப்பட்டால், அது எவ்வளவு சிறிதாயினும், அப்பகுதி கஞ்சாவே.

பச்சைச் செடியில் டி.எச்.சி. அப்படியே இருப்பதாக எண்ணுவதும் பிழை. செடி ஆக்குவது அதன் காடி வடிவம். அந்த வடிவம் மூளையில் மயக்கத்தை உண்டாக்குவதில்லை. வெப்பம் படும்போது அதிலிருந்து கரியமில வளி பிரிந்து, மயக்கும் வடிவம் பிறக்கிறது. உலர்த்தும்போதும் நெடுநாள் வைத்திருக்கும்போதும்கூட இம்மாற்றம் மெல்ல நடக்கும். அதன் பின்னும் பொருள் நிலைத்திராது. ஒளியும் காற்றும் பட்டு வேறொன்றாகச் சிதையும். ஆகவே ஒரே செடியிலிருந்து ஒரே நாளில் பறித்த இரு கொத்துகள், உலர்த்திய முறையாலும் வைத்திருந்த காலத்தாலும் வேறு வேறு வீரியம் பெற்றுவிடும்.

மணத்தைக் கொண்டு வீரியத்தை அளப்போரும் உண்டு. கஞ்சாவின் மணம் பெரும்பகுதி டெர்ப்பீன் என்னும் ஆவியாகும் பொருள்களால் ஆனது. மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றத்துக்குக் கந்தகச் சேர்மங்களே பொறுப்பு என்று 2021இல் கண்டறிந்தனர். டி.எச்.சி.க்கோ மணமே இல்லை. நறுமணம் மிக்க தேநீரில் காபீன் மிகுந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததைப்போலவே இதுவும்.

தூய்மை என்னும் மயக்கம்

“வீட்டில் வளர்ந்தது தூயது” என்னும் எண்ணமே எல்லாவற்றிலும் வலியது. கள்ளச்சந்தைச் சரக்கில் கலப்படம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அதனால் வீட்டுச் சரக்கு தூயது என்று முடிவு கட்டுவதற்கும் இல்லை.

நெருக்கமான பூக்கொத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். அங்குச் சாம்பற்பூஞ்சை விரைவில் குடியேறும். திராட்சையையும் தக்காளியையும் அழுகச் செய்வதும் அதுவே. காற்றில் நீராவி நிறைந்த கேமரன் மலையில் பூஞ்சைக்குப் பஞ்சமில்லை. உலர்த்திய சரக்கில் ஆஸ்பர்ஜில்லசு என்னும் பூஞ்சை வளர்ந்து, அதைப் புகைத்த நோயாளரின் நுரையீரலைத் தாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. புற்றுநோய்க்கு மருந்தெடுத்து எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அது உயிருக்கே கேடாகலாம். வலிக்கு மருந்து என்று எண்ணி வீட்டுக் கஞ்சாவை நாட முனைவோரில் அத்தகையோரும் அடங்குவர் என்பதை மறக்கலாகாது.

மண்ணில் உள்ளதை உறிஞ்சுவதிலும் இச்செடி வல்லது. காட்மியம், ஈயம் போன்ற கடுமாழைகளை வேரால் இழுத்து உடலில் சேர்க்கும் இயல்பினால், மாசடைந்த நிலத்தைத் தூய்மைப்படுத்த நார்ச்சணலை நடலாமா என்றுகூட ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். நிலத்தைத் தூய்மையாக்கும் செடி அம்மாசைத் தன்னுள் சுமந்து நிற்கும். பூச்சிக்கொல்லியும் செயற்கை உரமும் நெடுங்காலம் இறைக்கப்பட்ட காய்கறி நிலத்து மண்ணைச் சட்டியில் நிரப்பிவிட்டு, விளைந்ததைத் தூயது என்று சொல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். தேயிலையை வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை மட்டும் அருந்துகிறோம், மாசில் ஒரு பகுதி சக்கையில் நின்றுவிடுகிறது. எரித்துப் புகையை உள்ளிழுக்கும்போது அந்த வடிகட்டல் இல்லை.

அறைக்குள் விளக்கேற்றி வளர்ப்பது இயற்கைக்கு இசைந்தது என்பதும் பொய். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021இல் கணக்கிட்டபடி, உள்ளரங்கில் ஒரு கிலோ உலர்ந்த பூவை விளைவிக்க, இடத்துக்கேற்ப ஏறத்தாழ 2,300 கிலோ முதல் 5,200 கிலோ வரை கரியமில வளிக்கு ஈடான மாசு வெளியேறுகிறது. விளக்கும் குளிரூட்டியும் காற்றாடியும் விழுங்கும் மின்னாற்றலே இதற்குக் காரணம். மண்ணும் மழையும் இலவசமாகக் கிடைக்கும் தேயிலைச் சரிவோடு இதை ஒப்பிடவே இயலாது.

மருந்தும் அளவும்

“மேலைநாடுகளில் கஞ்சா மருந்தாகிவிட்டது. மருந்துக்காக வளர்த்தால் என்ன?” என்னும் வினாவே இவற்றுள் விரிவாக விடையிறுக்கத் தக்கது.

கஞ்சாவை மேலை மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் ஓஷானசி. 1839இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். முதலில் விலங்குகளுக்கும் பின் நோயாளருக்கும் கொடுத்து, வாதநோயிலும் இசிவுநோயிலும் அதன் விளைவை எழுதி வைத்தார். ஒரே அளவு மருந்து ஆளுக்கு ஆள் வேறுபட்டு வேலை செய்ததையும் அவர் குறிப்பு காட்டுகிறது. அடுத்த நூறாண்டில் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் இந்தியக் கஞ்சாச் சாறு விற்கப்பட்டது. ஆனால் ஒரு புட்டி நோயாளியை ஒன்றும் செய்யாதிருக்க, அடுத்த புட்டி அவரைக் கிடத்திவிட்டது. கப்பலில் வந்த சரக்கின் வீரியத்தை அளக்க வழியில்லை. எந்த வேதிப்பொருள் வேலை செய்கிறது என்றே அப்போது தெரியாது. சட்டத் தடைகள் ஒருபுறமிருக்க, அளவு பிடிபடாமையே மருத்துவர்கள் அதைக் கைவிட்டதற்குப் பெருங்காரணம். 1932இல் பிரித்தானிய மருந்து நூலிலிருந்து அது நீங்கியது.

வேலை செய்யும் பொருள் டி.எச்.சி.தான் என்பதை அறியவும் அதன் கட்டமைப்பை வரையவும் 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இசுரேலிய அறிஞர்கள் மெக்கூலமும் கயோனியும் அதைச் செய்தனர். அப்பொருள் பற்றிக்கொள்ளும் ஏற்பி மூளையில் உண்டென்பது 1988இல் தெரிந்தது. நம் உடலே அவ்வேற்பிக்கென ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது 1992இல் வெளிப்பட்டது. நினைவு, பசி, வலி, அச்சம், அசைவு ஆகிய பலவற்றையும் அவ்வேற்பிகள் ஒழுங்கு செய்கின்றன. ஆகவே வெளியிலிருந்து வரும் டி.எச்.சி. வலியை மட்டும் தேடிச் சென்று தணித்துவிட்டுத் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த அறிவு வந்த பிறகே கஞ்சா மீண்டும் மருந்தானது. குழந்தைகளின் கடுமையான இருவகை வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கன்னபிடியால் மருந்து, ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் என்னும் மாறாத செறிவோடு புட்டியில் அடைக்கப்படுகிறது. குழந்தையின் எடைக்கேற்ப அளவு கணக்கிட்டு, கல்லீரலைக் குருதிச் சோதனையால் கண்காணித்துக்கொண்டே கொடுக்கின்றனர். அதற்கும் சட்டியில் வளர்ந்த செடிக்கும் மூலச்செடி ஒன்றாக இருக்கலாம். மருந்தாக்கும் பண்பு அந்த அளவிலும் கண்காணிப்பிலும் இருக்கிறது. சித்த மருத்துவமும் நஞ்சுச் சரக்குகளைச் சுத்தி செய்து, பிற சரக்குகளோடு கூட்டி, அளவும் துணைமருந்தும் வகுத்தே ஆள்வது. “சித்தர்கள் சொன்னது” என்போர், அவர்கள் விதித்த கட்டுப்பாட்டை விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்துக்கொள்வது அம்மரபுக்குச் செய்யும் நேர்மையாகாது.

அளவு என்றால் எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதைத் தேயிலைத் தொழிற்சாலையில் காணலாம். கேமரன் மலைச் சரிவில் பறித்த கொழுந்து அன்றே ஆலைக்கு வருகிறது. வாட்டுத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றுச் செலுத்திப் பல மணி நேரம் வாட்டுகின்றனர். பிறகு உருட்டி இலையின் கண்ணறைகளை உடைக்கின்றனர். சாறு காற்றோடு கூடிப் பச்சை நிறம் செம்பழுப்பாகும்போது, அந்த மாற்றம் மிகையாகிவிடாமல் சூடான காற்றால் நிறுத்துகின்றனர். ஐந்து கிலோ அளவு பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகச் சுருங்கும். அதன் பிறகே சுவைப்போரின் வேலை தொடங்குகிறது. சுவைத்துப் பார்க்கத் தேநீர் எடுப்பதற்கே அனைத்துலகத் தரநிலை 3103 உண்டு. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறும் நேரம் 6 நிமையம். நேற்றைய ஆக்கமும் இன்றைய ஆக்கமும் ஒன்றுபோல் வர, வேறு வேறு சரிவின் தூள்களை நாள்தோறும் கலந்து ஒப்பு நோக்குகின்றனர். அளவு தவறினால் தேநீர் சற்றுக் கசக்கும், அவ்வளவே. அதற்கே இத்தனை ஏற்பாடு. அளவு தவறினால் அறிவு கலங்கும் ஒரு பொருளுக்குச் சமையலறைத் தராசும் கைப்பதமும் போதும் என்பது துணிச்சலின் பெயரில் நடக்கும் அறியாமை.

அறிவு கலங்கும் என்பது அச்சுறுத்தலுக்காகச் சொன்னதன்று. 2019இல் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரேசிலிலும் நடத்திய ஆய்வொன்று, நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோர் உளப்பிறழ்வு நோயாளராகும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைவிட மூன்று மடங்கு மிகுந்திருந்ததைக் கண்டது. டி.எச்.சி. 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரக்கை நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் அது ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. “தாத்தா காலத்தில் புகைத்தார்களே” என்போர்க்கும் இங்கே விடை உண்டு. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி.யின் செறிவு 1995இல் ஏறத்தாழ 4 விழுக்காடு, 2014இல் 12 விழுக்காடு. பெயர் அதுவே, பொருள் அதுவன்று.

உண்டால் புகையின் தீமை இல்லை என்று பலகாரத்தில் சேர்ப்போர் இன்னொரு குழியில் விழுகின்றனர். புகை சில நிமையங்களில் மூளையை எட்டும். உண்டது குடலிலிருந்து கல்லீரல் வழியாகச் செல்வதால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. கல்லீரலோ அதை மேலும் வலிய வடிவமாக மாற்றி அனுப்புகிறது. “வேலை செய்யவில்லையே” என்று மீண்டும் உண்பவர் இருமுறை உண்டதன் விளைவையும் ஒருசேரத் தாங்க நேரிடும். இனிப்பு என்று எடுத்து உண்ட சிறு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள், சட்டம் தளர்ந்த நாடுகளிலிருந்து தொடர்ந்து வருகின்றன.

ஒரு செடிதானே?

இறுதியாகச் சட்டம். 2022 ஜூன் 9ஆம் நாள் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, பதிவு செய்துகொண்டு வீட்டில் வளர்க்க இடம் தந்தது. எல்லைக்கு இப்பால் உள்ளவர்களிடையே தவறான நம்பிக்கைகள் பெருக அது வழி செய்தது. அந்நாடே 2025 ஜூன் மாதம் பின்வாங்கி, பூவை விற்க மருத்துவச் சீட்டு வேண்டும் என்று கட்டுப்படுத்திவிட்டது.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவு கஞ்சா பயிரிடுவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆயுள் சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். செடியின் எண்ணிக்கையையோ, சொந்தப் பயனுக்கா விற்பனைக்கா என்பதையோ பார்த்து இப்பிரிவு இரங்குவதில்லை. பறித்து வைத்திருந்தால் அது வேறு குற்றம். எடை 200 கிராமை எட்டினால் கடத்துவதற்காக வைத்திருந்ததாகவே சட்டம் ஊகித்துக்கொள்ளும். 2023இல் கட்டாயத் தூக்குத்தண்டனை நீக்கப்பட்டபின் நடுவருக்கு விருப்புரிமை வந்துள்ளதே தவிர, கடத்தலுக்குத் தூக்கு என்பது சட்டத்திலிருந்து போய்விடவில்லை.

மருந்துக்கான கதவை மலேசியா முற்றாக அடைத்துவிடவும் இல்லை. உரிய சட்டங்களுக்கு உட்பட்டு, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்ற கஞ்சாசார் மருந்தை இறக்குமதி செய்து, மருத்துவர் வழியாகப் பயன்படுத்தச் சட்டம் தடையில்லை என்று 2021 நவம்பரில் நலவாழ்வு அமைச்சர் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அச்சட்டம் வேண்டுவது, மேலே நாம் கண்ட அறிவியல் வேண்டும் அதே மூன்றைத்தான்: இன்ன பொருள், இன்ன அளவு, இன்னார் பொறுப்பு. சட்டத்தின் கடுமையைப் பற்றி மாற்றுக் கருத்து இருக்கலாம், அதை மன்றத்தில் பேசலாம். அக்கருத்து வேறுபாட்டால் ஒரு பூக்கொத்தில் எத்தனை மில்லிகிராம் உண்டென்பது தெரிந்துவிடாது.

தீரா வலியால் துன்புறுவோரும், வலிப்பு நோய்க் குழந்தையைப் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் மெய்யானவை. அவற்றைப் பச்சிலைப் பேச்சாலோ கேலியாலோ தட்டிக்கழித்தல் அறமாகாது. அவர்கள் நாட வேண்டியவர் வலி மருத்துவத்திலும் நரம்பியலிலும் தேர்ந்த மருத்துவரே. கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: “எனக்கு உரிய பொருள் எது, அளவு எது, அதைக் கண்காணிப்பவர் யார்?” கஞ்சாவை வளர்க்கத் தெரிந்த எவராலும் அக்கேள்விக்கு விடை தர இயலாது. அச்செடி முளைப்பதற்கு ஒரு பிடி மண் போதும். அது மருந்தாவதற்கு 1839 முதல் 2018 வரை, ஏறத்தாழ 180 ஆண்டு ஆய்வு தேவைப்பட்டது.